மாமாகிட்ட யாரும் கேக்கல

ஐசியு வாசல்ல நாள்கணக்கா உக்காந்திருக்கிற குடும்பங்கள பாத்திருக்கீங்களா, வென்டிலேட்டருக்குக்கூட ஒரு வாரத்துல பழகிடுவாங்க, "மெஷின்ல வச்சிருக்காங்க, பரவால்ல"ன்னு ஊருக்கு ஃபோன்ல சொல்ற அளவுக்கு பழகிடுவாங்க, ஆனா டாக்டர் உள்ள கூப்பிட்டு "டிரக்கியாஸ்டமி பண்ணிடலாம்னு பாக்குறோம்"னு சொன்ன அன்னைக்கு மொத்த குடும்பமும் உடைஞ்சு போயிடும். இத்தனைக்கும் வியாதி நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும், ஒண்ணும் புதுசா மோசமாகியிருக்காது. ஆனா டிரக்கியாஸ்டமின்னா மூச்சு டியூப மாட்ட கழுத்துல ஓட்டை போடுறது, அது கடைசி கட்டம்னு நம்ம மனசுல எங்கயோ பதிஞ்சு கிடக்கு. இதுக்குக் காரணமும் இருக்கு, நம்ம பாத்த ஆளுங்கள்ல கழுத்துல டியூபோட வீட்டுக்கு வந்தவங்க பாதிப்பேர் கொஞ்ச நாள்ல போயிட்டாங்க, அதனால டியூப்தான் கொன்னுச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். அவங்களுக்கு டியூப் போட்டதே அவ்வளவு மோசமான வியாதி இருந்ததாலதான்ங்கிறத யோசிக்கிறதில்ல.

என் மாமாவுக்கு இது நடந்து சில வருஷம் ஆச்சு. அப்பவே எழுதணும்னு நினைச்சேன், எழுதல. சமீபத்துல ஃபிரண்ட் ஒருத்தன் வீட்டுல இதே நிலைமை வந்து அவன்கூட மணிக்கணக்கா பேச வேண்டியிருந்துச்சு, அதுலதான் பழசெல்லாம் கிளறிடுச்சு.

மாமா திருச்சியில துவாக்குடி பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கார். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் பண்ணிக் குடுக்கிற பட்டறை. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, ஆள் நல்ல திடமான ஆள். ஒரு தடவ வயித்தால போச்சு, ரெண்டு நாள்ல சரியாச்சு, அதை யாரும் பெருசா எடுத்துக்கல. அப்புறம் பத்து நாள் கழிச்சு பாதத்துல மதமதன்னு இருக்குன்னார், மறுநாள் மாடிப்படி ஏற முடியல, அதுக்கு மறுநாள் கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல. ஆஸ்பத்திரியில சேத்தப்போ டாக்டர் அவர ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணச் சொன்னார், காலையில இருபது தாண்டி போச்சு, சாயங்காலம் பத்தைத் தாண்டல, ராத்திரியே வாயில டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சுட்டாங்க. ஜிபிஎஸ், கியான் பாரே சிண்ட்ரோம். 2025 ஜனவரியில புனேல நிறைய பேருக்கு வந்து பேப்பர்ல எல்லாம் பரபரப்பா வந்துச்சே அதே வியாதி. வயித்துல வந்த கிருமிய எதிர்க்கக் கிளம்புன எதிர்ப்பு சக்தி ஆள் மாறி நரம்பு மேல பாயுறது. இது வந்தவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு மூச்சு விடுற தசையும் படுத்துடும், மெஷின் வேணும். அந்த எதிர்ப்பு சக்திய அடக்க அஞ்சு நாள் இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி ஏத்துனாங்க, அந்த பில்ல பத்தி தனியா ஒரு பதிவே போடலாம், இப்ப வேணாம்.

இந்த வியாதியில ஒரு கொடுமை இருக்கு, அதை வெளியில இருக்கிறவங்க சட்டுன்னு மறந்துடுறாங்க. கை கால் அசையாது, வாய் அசையாது, ஆனா மூளைக்கு ஒண்ணும் ஆகாது. மாமா முழிச்சுத்தான் இருந்தார். நாங்க பேசுறது, பக்கத்து பெட்டுல அலாரம் அடிக்கிறது, டாக்டருங்க ரவுண்ட்ஸ்ல பேசிக்கிறது எல்லாமே அவருக்கு கேக்கும். கண்ண மூடித் திறக்க முடிஞ்சுது, புருவத்த லேசா தூக்க முடிஞ்சுது, அவ்வளவுதான்.

காரிடார் பஞ்சாயத்து

ரெண்டு வாரத்தை நெருங்குனப்போ டாக்டர் எங்கள கூப்பிட்டார். நரம்பு திரும்ப வர்றதுக்கு இன்னும் பல வாரம் ஆகலாம், அது வரைக்கும் வாய் டியூபோட வச்சிருக்கிறது நல்லதில்ல, கழுத்துல போட்டுட்டா அவருக்கும் சௌகரியம் எங்களுக்கும் பாத்துக்க சுலபம்னார். யோசிச்சு சொல்லுங்கன்னு சம்மத ஃபார்மையும் குடுத்துட்டார்.

அத்தை அங்கயே உக்காந்துட்டாங்க. பாட்டி, அதாவது மாமாவோட அம்மா, "எம்புள்ள கழுத்துல கத்தி வைக்க நான் விடமாட்டேன்"னு ஒரே பிடி. எங்கம்மா, "தம்பிக்கு என்ன வேணா பண்ணுங்க, உயிர் இருந்தா போதும்"னு இன்னொரு பக்கம். சென்னையில இருந்து வந்த ஒரு பெரியப்பா, காசு புடுங்கத்தான் இதெல்லாம், வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னார். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்புன ஒரு வீடியோவ வச்சுக்கிட்டு மச்சான் ஒருத்தன், குரல் நிரந்தரமா போயிடும்னு சொல்லிட்டான், அதுல மாமா பொண்ணு அழுத அழுகை இருக்கே. ரெண்டு நாள் இந்தப் பஞ்சாயத்து ஓடுச்சு. நான் பக்கத்துல உக்காந்து ஃபோன்ல தேடித் தேடி படிச்சுக்கிட்டே இருந்தேன், எனக்கு அப்படி ஒரு வியாதி.

படிச்சதுல ஒரு விஷயம் எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு, இன்னைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்றேன். பிரிட்டன்ல டிராக்மேன்னு ஒரு பெரிய ஆய்வு நடத்தியிருக்காங்க, 2013ல வந்துச்சு. 70க்கும் மேல ஐசியுக்கள், 909 நோயாளிங்க. இன்னும் ஒரு வாரமாச்சும் மெஷின் தேவைப்படும்னு டாக்டருங்க நினைச்ச ஆளுங்கள எடுத்து, பாதிப்பேருக்கு நாலு நாளுக்குள்ள கழுத்துல டியூப் போடுறது, மீதிப்பேருக்கு பத்து நாள் பொறுத்து அப்பவும் தேவைன்னா மட்டும் போடுறதுன்னு குலுக்கல் முறையில பிரிச்சாங்க. முப்பது நாள்ல இறந்தவங்க கணக்கு முதல் கூட்டத்துல 30.8 சதவீதம், ரெண்டாவதுல 31.5. அதாவது சீக்கிரம் போட்டதால உயிர் பொழச்சவங்கன்னு யாரையும் தனியா காட்ட முடியல, லேட்டா போட்டதால செத்தவங்கன்னும் காட்ட முடியல. ஆனா இதவிட எனக்கு முக்கியமா பட்டது வேற. பொறுத்துப் பாக்கலாம்னு விட்ட கூட்டத்துல பாதிக்கும் குறைவானவங்களுக்குத்தான் கடைசியில டிரக்கியாஸ்டமி நடந்திருக்கு, 45 சதவீதம். மத்தவங்கள்ல ஒரு பகுதி அதுக்குள்ள தேறி மெஷின்ல இருந்து வெளிய வந்துட்டாங்க, ஒரு பகுதி இறந்துட்டாங்க. யாருக்கு நீண்ட நாள் மெஷின் தேவைப்படும்னு முன்கூட்டியே சரியா சொல்ல டாக்டருங்களாலயும் முடியலன்னுதான இதுக்கு அர்த்தம்.

அதனால இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போடுங்கன்னு யாராவது அவசரப்படுத்துனா, பொதுவா அப்படி ஒரு அவசரம் கிடையாது. தொண்டை அடைச்சு மூச்சுக்கு வேற வழியே இல்லாம பண்றது வேற, அது நிமிஷக் கணக்கு. நான் சொல்றது ஏற்கனவே வாயில டியூப் இருந்து மெஷின்ல நிதானமா ஓடிக்கிட்டு இருக்கிற ஆளுங்கள. இவங்களுக்கு நாலு நாள் யோசிக்க உரிமை இருக்கு. ஆனா இதையே சாக்கா வச்சு மாசக்கணக்கா தள்ளிப் போடுறதும் கூடாது, வாய் டியூப் ரொம்ப நாள் இருந்தா குரல் நாண்ல புண்ணு வரும், மூச்சுக்குழாய் சுருங்கிப் போகலாம், டியூபோட அவஸ்தை தெரியாம இருக்க தூக்க மருந்து குடுத்துக்கிட்டே இருக்கணும். அந்த பிரிட்டன் ஆய்வுலயும் சீக்கிரம் போட்டவங்களுக்கு தூக்க மருந்து தேவை குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆக உயிரா சாவாங்கிற கேள்வி இல்ல இது, காத்திருக்கப் போற அந்த நாட்கள எப்படி ஓட்டுறதுங்கிற கேள்வி. அந்த நாட்கள ஓட்டப்போறது யாரு? காரிடார்ல உக்காந்திருந்த நாங்களா?

இதை நானா கண்டுபிடிச்சு சொல்லல. சொன்னது ஒரு நைட் டியூட்டி சிஸ்டர்.

வல்லினமா, மெல்லினமா, இடையினமா

மாமா பொண்ணும் நானும் உள்ள நின்னுக்கிட்டு இருந்தோம். சிஸ்டர் சக்‌ஷன் பண்ணிட்டு இருந்தாங்க. ஜிபிஎஸ் ஆளுங்களுக்கு சக்‌ஷன் பண்றதே ஒரு கண்டம், சளி எடுக்க மெல்லிசு டியூப் உள்ள போற நேரத்துல சில சமயம் இதயத் துடிப்பு தடால்னு இறங்கிடும், அதுக்குன்னு துடிப்ப திரும்ப ஏத்துற அட்ரோபின் மருந்த ஊசியில எடுத்து பக்கத்துல ரெடியா வச்சிருந்தாங்க. மானிட்டர்ல நம்பர் தொண்ணூறுல இருந்து ஐம்பத்தஞ்சுக்கு வந்து திரும்ப ஏறுச்சு. முடிச்சுட்டு கையுறைய கழட்டிக்கிட்டே கேட்டாங்க, "வெளிய இன்னும் முடிவு பண்ணலையாண்ணா?" இல்லைங்க சிஸ்டர், பாட்டி ஒத்துக்க மாட்டேங்குறாங்கன்னேன். "சார் முழிச்சுத்தான இருக்காரு, அவர்கிட்டயே கேளுங்களேன்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டாங்க.

அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. நானும் மாமா பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ரெண்டு நாளா இருபது பேர் பேசியிருக்கோம், அவர் தலமாட்டுல நின்னுக்கிட்டே பேசியிருக்கோம், கழுத்து அவரோடது.

எப்படிக் கேக்குறது? ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடுங்க, இல்லைன்னா ரெண்டு தடவன்னு சொன்னோம். முதல்ல நம்ம கேள்வியையே கேக்காம, உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுமாப்பான்னு பொண்ணு கேட்டா. ஒரு தடவ மூடினார், அழுத்தி மூடினார். இங்கிலீஷ்னா இருபத்தாறு எழுத்து, தமிழ்ல என்ன பண்றது? அவ ஸ்கூல் டீச்சர், அவளுக்குத்தான் அது தோணுச்சு. "அப்பா, வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" இடையினத்துல கண்ண மூடினார். "ய, ர, ல, வ..." வ-வுல மூடினார். அப்புறம் அ, ஆ. ஆ-வுல மூடினார். வா. அடுத்த எழுத்து திரும்ப இடையினம், முதல் எழுத்து, ய. அவ உயிரெழுத்து வரிசைய ஆரம்பிச்சா, எதுக்கும் மூடல, கடைசியில "புள்ளி வச்சதாப்பா?"ன்னா, மூடினார்.

வாய்.

தண்ணி கேக்குறார்னு நினைச்சு பஞ்சுல நனைச்சு உதட்ட துடைச்சோம். ரெண்டு தடவ மூடினார். வறண்டு இருக்கா? ரெண்டு தடவ. வலிக்குதா? ஒரு தடவ, கண்ணோரம் தண்ணி. சிஸ்டர கூப்பிட்டோம், அவங்க டார்ச் அடிச்சு டியூப கட்டியிருந்த பட்டைய மெதுவா தளர்த்திப் பாத்தா, வலது பக்கம் வாயோட கடைவாய் ஓரத்துல டியூப் அழுத்தி அழுத்தி கொப்புளமா ஆகி உடைஞ்சு, உதடு உள்பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு புண்ணு. டியூப வேளைக்கு ஒரு பக்கம் மாத்தித்தான் வைப்பாங்க, வச்சும் வரும்னாங்க. இடது பக்கமும் ஆரம்பிச்சிருந்துச்சு. நாங்க எல்லாரும் கழுத்த நினைச்சே பயந்துக்கிட்டு இருக்கோம், அவர் வாய்ல இருக்கிற டியூபோட ஒவ்வொரு நிமிஷமும் போராடிக்கிட்டு இருந்திருக்கார். அது தொண்டைக்குள்ள போய் உக்காந்திருக்கு, எச்சில் முழுங்க முடியாது, நாக்கு மேலயே கிடக்கு, வாய மூட முடியாது.

மறுநாள் காலையில ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட சொன்னோம். அந்த மனுஷன் உண்மையிலயே நல்லவர், ஸ்டூல் ஒண்ண இழுத்துப் போட்டு மாமா முகத்துக்கு நேரா உக்காந்து நேரடியா அவருக்கே சொன்னார். வாய் டியூப எடுத்துட்டு கழுத்துல சின்னதா ஒண்ணு போடப் போறோம், மயக்கம் குடுத்துத்தான் பண்ணுவோம், வாய் ஃப்ரீ ஆயிடும், முதல்ல கொஞ்ச நாள் பேச முடியாது, இப்பவும் பேச முடியலையே, அப்புறம் பேச வைக்க வழி இருக்குன்னார். ஏதாச்சும் கேக்கணுமான்னார். ஒரு தடவ மூடினார். பொண்ணு திரும்ப ஆரம்பிச்சா, மெல்லினம், ம, ஊ. மூ. வல்லினம், ட, உ. மூடு.

கதவையா, போர்வையான்னு நாங்க முழிக்கிறோம், டாக்டருக்கு சட்டுன்னு புரிஞ்சுடுச்சு. "ஓட்டை மூடிக்குமான்னு கேக்குறீங்களா?" ஒரு தடவ. "டியூப எடுத்ததும் தானா சுருங்கி மூடிக்கும், பெரும்பாலும் சில நாள்லயே மூடிடும், தையல்கூட வேணாம், தழும்பு நிக்கும்." மாமா டாக்டர பாத்துக்கிட்டே ஒரு தடவ கண்ண மூடித் திறந்தார். ஃபார்ம்ல அத்தைதான் கையெழுத்து போட்டாங்க, மாமா கண்ணால சம்மதம் சொன்னத டாக்டர் கேஸ் ஷீட்ல எழுதி சிஸ்டர்கிட்ட சாட்சி கையெழுத்து வாங்கிக்கிட்டார். பாட்டிகிட்ட "உங்க புள்ளயே சரின்னுட்டான்"னு எங்கம்மா சொன்னாங்க, அதுக்கப்புறம் பாட்டி ஒரு வார்த்த பேசல.

ரெண்டு நாள்ல இருபது பேர் கேக்காத கேள்விய, புத்தி தெளிவா இருக்கிற மனுஷன் ஒரே வார்த்தையில கேட்டுட்டார். நம்ம ஊர்ல பில்லு கட்டுறவங்கதான் முடிவு பண்றவங்கன்னு ஒரு எழுதாத சட்டம் இருக்கு, நோயாளி படுத்துட்டா அவர குழந்தையாக்கிடுறோம். வென்டிலேட்டர்ல இருக்கிற எல்லாராலயும் பதில் சொல்ல முடியாதுதான். ஆனா முடியுமான்னு ஒருத்தராச்சும் முயற்சி பண்ணிப் பாக்கணுமே.

பெட்லயே, அரை மணி நேரத்துல

ஆபரேஷன் தியேட்டருக்கெல்லாம் கொண்டு போகல. தோளுக்கு கீழ துணிய சுருட்டி வச்சு கழுத்த பின்னால சாய்ச்சு, ஊசியால மூச்சுக்குழாய குத்தி, அதுக்குள்ள ஒரு கம்பிய விட்டு, அந்தக் கம்பி மேலயே கூம்பு மாதிரி ஒண்ண ஏத்தி துளைய கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தி டியூப உள்ள இறக்கிடுறாங்க. சரியான இடத்துலதான் குத்துறோமான்னு ஸ்கோப் விட்டு உள்பக்கமா பாத்துக்கிறாங்க. இந்த முறைய 1985ல சியாக்லியான்னு ஒரு அமெரிக்க சர்ஜன் கொண்டு வந்தார், அதுக்கப்புறம்தான் இது ஐசியு பெட்லயே பண்ற விஷயமாச்சு. பாட்டி நினைச்சுட்டு இருந்த கத்தி ஒரு சின்ன கீறலோட சரி. ரத்தம் வரலாம், சில சமயம் தப்பாவும் போகலாம், இல்லன்னு சொல்லல, ஆனா ஏற்கனவே அவர் கடந்து வந்ததுக்கு முன்னாடி இது சின்னது. கழுத்து ரொம்ப குட்டையா இருந்தா, ரத்தம் உறையுறதுல பிரச்சனை இருந்தா ஈஎன்டி டாக்டர் வந்து பழைய முறையில திறந்து பண்ணுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம கடைசி கட்டம்னு நினைக்கிற இந்த ஓட்டையில இருந்துதான் இன்னைக்கு இருக்கிற ஐசியுவே பிறந்துச்சு. 1952, டென்மார்க், கோபன்ஹேகன் நகரத்துல போலியோ கொள்ளை நோய். பிளெக்டாம் ஆஸ்பத்திரியில மூச்சு நின்னு வர்ற குழந்தைங்க, இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும் நெஞ்சுல மாட்டுற சில கருவிங்களும்தான். அதுல வச்சு பாத்த முதல் 31 பேர்ல 27 பேர் செத்துட்டாங்க. பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர், பன்னெண்டு வயசு பொண்ணு ஒருத்திக்கு கழுத்துல துளை போட வச்சு டியூப் மாட்டி, ரப்பர் பையக் கையால அமுக்கி காத்த உள்ள தள்ளிக் காட்டினார். பொண்ணு பொழச்சா. அப்புறம் மருத்துவக் கல்லூரி மாணவங்க, ஏறக்குறைய 1500 பேர், ஷிஃப்ட் போட்டு மாசக்கணக்கா ராப்பகலா பைய அமுக்கியிருக்காங்க. இதைப் படிச்சு பாட்டிக்கு சொன்னேன். "அந்தப் புள்ளைங்க நல்லா இருக்கட்டும்"னாங்க, அவ்வளவுதான்.

மாமாவுக்கு டியூப் போட்ட மறுநாள் நான் போனப்போ ஷேவ் பண்ணி விட்டிருந்தாங்க. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் அப்பத்தான் முழு முகத்தையும் பாக்குறேன். தூக்க மருந்த நிறுத்திட்டாங்க, சேர்ல சாய்ச்சு உக்கார வச்சாங்க, பிசியோ ஆரம்பிச்சாங்க. பின்னாடி பேச்சு வந்தப்புறம் அவர் கேட்ட கேள்விகள்ல ஒண்ணு அந்த டியூப் எத்தன எம்எம்ங்கிறது, லேத்காரர் புத்தி. உள்விட்டம் 8ன்னு சிஸ்டர் சொன்னாங்க. வாயில இருந்ததும் 8தான், ஆனா அது உதட்டுல இருந்து இருபத்தி ரெண்டு சென்டிமீட்டர் உள்ள போயிருக்கு, இது ஏழெட்டு சென்டிமீட்டர்தான். "பைப்போட நீளம் குறைஞ்சா இழுக்கிறது லேசாத்தானய்யா இருக்கும்"னார். மெஷின விட்டு பிரிக்கிறப்போ இது ஏன் உதவுதுன்னு இதவிட சுருக்கமா யாரும் எனக்கு சொன்னதில்ல.

பேச்சு எப்படி வந்துச்சுன்னா, டியூபோட வெளிப்பக்கம் மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு சின்ன பலூன் இருக்கும், கஃப்னு சொல்லுவாங்க, மெஷின்ல இருக்கிறப்போ காத்து மேல கசியாம அது அடைச்சுக்கும். காத்து மேல வரலைன்னா குரல் நாண் அதிராது, அதான் சத்தமே வராது. மச்சானோட வீடியோ சொன்ன மாதிரி குரல் எங்கயும் போகல, நாணுக்கு காத்து போகல, அவ்வளவுதான். கொஞ்சம் தேறினதும் பலூன இறக்கிட்டு ஒருவழி வால்வு ஒண்ண டியூப் வாயில மாட்டுறாங்க, காத்து கழுத்து வழியா உள்ள போகும், வெளிய வாய் வழியாத்தான் வரும். உலகம் பூரா ஓடுற பாஸி முயர் வால்வ உருவாக்கின டேவிட் முயர்ங்கிறவரே தசைச் சிதைவு நோயோட மெஷின்ல இருந்த ஒரு நோயாளிதான். ஒரு எச்சரிக்கை, பலூன இறக்காம அந்த வால்வ மாட்டினா உள்ள போன காத்து வெளிய வர வழியே இருக்காது, ஆள் திணறிடுவார், அதனால வீட்டுல யாரும் தானா மாட்டி விளையாடக் கூடாது. மாமா வால்வு போட்டு பேசின முதல் வாக்கியம் அத்தைய பாத்து, "அந்த ஃபிளேஞ்ச் ஆர்டர் டெலிவரி போச்சா?" அத்தைக்கு வந்த கோவம் இருக்கே.

டியூபோட வீட்டுக்கு

மெஷின்ல இருந்து வெளிய வந்துட்டார், ஆனா இருமி சளிய துப்புற பலம் வரல, அதனால டியூபோடதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. இந்தக் கட்டத்த பத்தி கையெழுத்து வாங்குறப்போ யாருமே பேசுறதில்ல. சக்‌ஷன் மெஷின் வாடகைக்கு, கரண்ட் போனா ஓட இன்வெர்ட்டர், அதுவும் நின்னா காலால மிதிக்கிற சக்‌ஷன் ஒண்ணு. டியூபுக்குள்ள இன்னொரு டியூப் இருக்கும், அதை தினமும் ரெண்டு மூணு வேளை கழட்டி பிரஷ் போட்டு கழுவணும், சளி காஞ்சு அடைச்சுக்கிட்டா ஆள் போயிடும். மூக்கு வழியா போற காத்து ஈரமாகி சூடாகி போகும், கழுத்து வழியா போறதுக்கு அந்த வசதி இல்ல, அதனால ஈரத்துணியோ அதுக்குன்னு விக்கிற ஃபில்டரோ மேல இருக்கணும். குளிக்கிறப்போ தண்ணி உள்ள போகக் கூடாது, பவுடர் போடக் கூடாது. அத்தை வீட்டுல சமையலே மாறிப் போச்சு, காஞ்ச மொளகா தாளிச்சா ஹால்ல படுத்திருக்கிறவருக்கு இருமல் பிச்சுக்கும், நேரா நுரையீரலுக்குத்தான போகுது. ரெண்டு மாசம் கிட்டத்தட்ட தாளிக்காத சாம்பார்தான்.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரு வாரம் அத்தையையும் பொண்ணையும் கையால செய்ய வச்சு பழக்கினாங்க, அதுதான் காப்பாத்துச்சு. அதே அளவுல ஒரு டியூபும் ஒரு சைஸ் சின்னதுல இன்னொண்ணும் தலமாட்டுலயே இருக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. இது வீட்டுக்கு மட்டும் இல்ல. பிரிட்டன்ல மயக்க மருந்து டாக்டருங்க 2011ல நாடு தழுவின ஒரு தணிக்கை வெளியிட்டாங்க, ஐசியுவுல மூச்சுப் பாதை சம்பந்தமா நடந்த பெரிய விபத்துகள்ல கழுத்து டியூப் நகர்ந்து வெளிய வந்தது முக்கியமான காரணமா இருந்துச்சு, மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைட தொடர்ந்து அளந்திருந்தா பல உயிர் பொழச்சிருக்கும்னும் சொன்னாங்க. ஆபரேஷன நினைச்சு நடுங்குற நம்ம, பயப்பட வேண்டியது அதுக்கப்புறம் வர்ற ராத்திரிகளுக்கு.

அத்தை அந்த ரெண்டு மாசத்துல ஒரு நாளும் முழுசா தூங்கல. அத்தை மாதிரி ஒருத்தர் வீட்டுல இல்லைன்னா? நான் படிச்ச எந்த ஆய்வும் இதை கணக்கு எடுக்கல. ஹோம் நர்ஸ் வைக்க மாசா மாசம் ஆகுற செலவ கேட்டா தலை சுத்துது. டியூப எடுத்ததும் டாக்டர் சொன்ன மாதிரியே நாலஞ்சு நாள்ல மூடிடுச்சு, மாமா கண்ணாடி முன்னாடி நின்னு விரலால தடவி செக் பண்ணிக்கிட்டார், இன்னைக்கு பட்டறையில இருக்கார், வேகமா நடந்தா மட்டும் கால் கொஞ்சம் இழுக்கும்.

எல்லாருக்கும் இதே பதிலா

இந்தக் கதைய கேட்டு அப்ப எல்லாரும் கையெழுத்து போட்டுடலாம்னு நினைச்சா அதுவும் தப்பு. மாமாவுக்கு வந்தது திரும்பி வர்ற வியாதி. டியூப் ஒரு பாலம், அந்தப் பக்கம் கரை இருந்துச்சு. ஃபிரண்டோட அப்பாவுக்கு எண்பது வயசு, வீட்டுல இதயம் நின்னு ரொம்ப நேரம் கழிச்சு திரும்ப ஓட வச்சு கொண்டு வந்திருக்காங்க, மூளைக்கு ரத்தம் போகாம இருந்த நேரம் அதிகம். பத்து நாளாகியும் கண்ணு முழிக்கல. இவருக்கும் அதே டிரக்கியாஸ்டமி, அதே ஃபார்ம். டெக்னிக்கலா ஒரே ஆபரேஷன்தான், ஆனா இங்க அது எதுக்கு? மெஷின்ல இருந்து பிரிஞ்சு, நினைவு இல்லாம, கழுத்துல ஒரு டியூப் மூக்குல ஒரு டியூபோட வருஷக்கணக்கா படுத்திருக்க வழி பண்றதுக்கா? அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைக் கேக்காம கையெழுத்து போடக் கூடாது.

அவன்கிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். எந்தக் கரைக்காக காத்திருக்கோம்னு டாக்டர்கிட்ட கேளு. எல்லாமே நல்லபடியா நடந்தா ஆறு மாசம் கழிச்சு அப்பா எப்படி இருப்பார், உக்காருவாரா, உன்னை அடையாளம் தெரியுமான்னு நேரா கேளு, டாக்டருங்க பெரும்பாலும் கேட்டா சொல்லிடுவாங்க, கேக்காம அவங்களா சொல்ல தயங்குவாங்க. போடலைன்னா என்ன நடக்கும்னும் கேளு, அதுவும் ஒரு வழிதான், பாவம் இல்ல. மெஷின தொடர வேணாம்னு முடிவெடுக்க 2018ல சுப்ரீம் கோர்ட் வழி விட்டுச்சு, 2023 ஜனவரியில நடைமுறையையும் கொஞ்சம் சுலபமாக்குச்சு, தனித்தனியா ரெண்டு டாக்டருங்க குழு பாத்து சொல்லணும், குடும்பம் சம்மதிக்கணும், எந்த ஆஸ்பத்திரியும் ராத்திரியோட ராத்திரியா செய்ற விஷயம் இல்ல. அதைப் பத்தி பேசுறதே அப்பாவ கொல்றதுன்னு அவன் தங்கச்சி கத்தினாளாம், அவள குத்தம் சொல்ல முடியல.

திங்கக்கிழமை நரம்பு டாக்டர் வந்து ஸ்கேனையும் மூளை அலைய பதிவு பண்ற ஈஈஜியையும் பாத்துட்டு சொல்லட்டும், அது வரைக்கும் ஃபார்ம் அப்படியே இருக்கட்டும்னு ஐசியு டாக்டரும் ஒத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃபோன் பண்ணான். அவங்கம்மா இத்தன நாள் ஒண்ணும் பேசாம மூலையில உக்காந்திருந்தாங்களாம், அன்னைக்குத்தான் வாய் திறந்திருக்காங்க. "உங்கப்பாவோட அண்ணன் மூணு வருஷம் பக்கவாதத்துல டியூபோட கிடந்தப்போ உங்கப்பா போய் பாத்துட்டு வந்து, பஸ்ஸுல உக்காந்து என்கிட்ட ஒண்ணு சொன்னார்"னு. அதை இந்த நேரத்துல டாக்டர்கிட்ட சொல்றது சரியாடான்னு என்கிட்ட கேட்டான். நாளைக்கு ஸ்கேன பத்தி பேசுறதுக்கு முன்னாடி, முதல்ல அதைச் சொல்ல சொல்லுன்னேன், அம்மாவையே உள்ள கூட்டிட்டுப் போன்னேன்.